எதிர்வீட்டு மிக்கேலம்மாள்

சேசு மரி சூசை துணை

முதலிபாளையம்
14-10-2007

அன்புள்ள மகன் ராபினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், மொரீஷியசிலிருந்து ஞாயிறுதோறும் போனில் அதைத்தானே சொல்கிறாய், ஆனால் நீ சொல்வதில் எதை நம்புவது எதை விடுவது என்று இப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன் என்றால் கார்டு முடியப்போகிறது அம்மா என்று நழுவிவிடுவாய். கடிதத்தில் நழுவ வழியில்லை, ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுவதையும் படி.

அப்பாவுக்கு இழுப்பு இந்த மாதம் கொஞ்சம் பரவாயில்லை. பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசியில் அத்தனை வருஷம் நின்ற நெஞ்சு, இனி வேலைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போய்விடுவோம், கடற்காற்று பட்டால் சரியாகிவிடும் என்று தினமும் அதே பேச்சுதான். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தை மாதம் உன் காண்ட்ராக்ட் முடிந்து நீ வந்ததும் உன் கல்யாணத்தை ஊரில் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடத்தி, அப்படியே அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இங்கே நாம் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார மயிலாள் அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள், ஏனுங்க செல்லத்தாயி, நம்ம தோட்டத்தோரமா கொஞ்சம் எடம் சும்மா கெடக்குது, ஒரு ஊடு கட்டிக்குங்க, நீங்க எங்க போயி என்ன பண்ணப்போறீங்க என்று. எங்களுக்குக் கடலைப் பார்த்த வீடு இருக்குதுங்க அக்கா என்று ஒவ்வொரு தடவையும் பெருமையாகச் சொன்னவள் நான்.

நீ கைப்பிள்ளையாக இங்கே வந்தவன், நம் ஊர் அந்தோனியார் வாடியைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியுமோ. அந்தக் காலத்தில் ஏதோ கொள்ளை நோய்க்குப் பயந்து மூன்று குடும்பம் ஒரே வள்ளத்தில் தெற்கே வந்ததாம், கூட ஒரு அந்தோனியார் சுரூபம். பெரிய ஊர்க்காரர்கள் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளே விடவில்லை, தள்ளிப்போய் மணல்மேட்டில் கிடங்க என்று விரட்டிவிட்டார்கள். நமக்கு நாம்தான் காவல் என்று வீடுகளை எதிரும் புதிருமாக இரண்டு வரிசையாகக் கட்டிக்கொண்டார்கள். ஆம்பிளைகள் கடலுக்குப் போனால் எதிர்வீடுதான் பார்த்துக்கொள்ளும். பிரசவம் என்றால் எதிர்வீட்டில் உலை வைப்பார்கள், சாவு என்றால் எதிர்வீட்டில்தான் கஞ்சி. சண்டை போட்டுப் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்தாலும் அந்தப் பொறுப்பை மட்டும் விடக்கூடாது, அது நம் தெருச் சட்டம். பிறகு விசைப்படகு வந்து கரைவலையில் ஒன்றும் படாமல் போய், ஒவ்வொரு வீடாக இங்கே திருப்பூருக்குக் கிளம்பியபோதும் அப்படித்தான், சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டார் சனிக்கிழமைதோறும் கூட்டிப் பெருக்கி விளக்கு வைப்பார்கள். அவர்களே ஊரைவிட்டுப் போவதாக இருந்தால் சொந்தக்காரரிடம் நேரில் வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நம் எதிர்வீடு மிக்கேலம்மாள். என் கூடப் பிறந்தவள் மாதிரி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ ஆடி மாதம் லீவில் வந்து ஊருக்குப் போய்விட்டு வந்தாய் அல்லவா, அதிலிருந்துதான் எல்லாம் கோணலாகத் தெரிய ஆரம்பித்தது. மிக்கேலம்மாளுக்கு நீ ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாய், சந்தோஷப்பட்டேன். அவளும் பேசினாள். ஆனால் முன்பு பூத்திலிருந்து பேசும்போதே அவள் குரலுக்குப் பின்னால் அலை இரையும், இப்போது வீட்டு வாசலில் நின்று பேசுகிறேன் என்கிறாள், அலையைக் காணோம். சன்னலைச் சாத்தியிருக்கிறேன் மைனி என்றாள். அடியே, உன் வீட்டுக்கு ஏதடி சன்னல் என்று கேட்கலாமா என்று நாக்கு துடித்தது. இன்னொரு தடவை பின்னால் கடகடவென்று சத்தம், கேட்டால் காற்று பலமாக அடிக்கிறது என்கிறாள். இத்தனை வருஷம் பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு ஓவர்லாக் சத்தம் தெரியாதா? டீ வந்துருச்சுங்க அக்கா என்று எவளோ கூப்பிடுகிறாள் வேறு. நம் வாடியில் யார் அப்படி மரியாதையாக டீக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதற்கு மேல் அவள் ஊரிலிருந்து அனுப்புகிற கருவாடு. ஓலைப்பெட்டியில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது போய், இப்போது யாரோ மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம் வந்ததைப் பிரித்தால் பாலித்தீன் கவர், அதில் எக்ஸ்எல் என்று சைஸ் ஸ்டிக்கர். சாளைக் கருவாட்டுக்கு எக்ஸ்எல் சைஸா? எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். கழுவித் தின்றால் பல்லில் ஒரு பொட்டு மணல் கடிபடவில்லை. நம் கரையில் காய்ந்த மீன் அப்படி இருக்குமா? அப்பாவிடம் சொன்னதற்கு, மணல் இல்லை என்று அழுகிற முதல் ஆள் நீதான் என்றார். மயிலாள் அக்காவிடம் சொன்னேன், அவர்கள் சும்மா இருப்பார்களா, ஆளில்லாத ஊட்டை இத்தன வருசம் எவ சும்மா பாத்துக்குவா, இந்நேரம் பட்டாவ மாத்தியிருப்பாளுங்க செல்லத்தாயி, ஒரெட்டு போயிப் பாத்துட்டு வந்துருங்க என்று ஏற்றிவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மிக்கேலம்மாள் நம் வீட்டை விற்றுவிட்டாள், இல்லை யாரையாவது குடிவைத்திருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஜெபமாலை உருட்டும்போதுகூட அவளைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை கம்பெனி வேனில் எங்களைப் பெருமாநல்லூருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு யூனிட்டில் தைத்த சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிட்டதால் மறுபடி செக்கிங். உள்ளே நுழைகிறேன், நூல் பிசிறு வெட்டுகிற பெண்கள் வரிசையில் தலையெல்லாம் பஞ்சு ஒட்ட மிக்கேலம்மாள் உட்கார்ந்திருக்கிறாள்! என்னைக் கண்டதும் எழுந்து துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தாள் பார், அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் திருகினேன். என் வீட்டை யாருக்கடி விற்றாய், எதிர்வீட்டுக்காரி செய்கிற வேலையா இது என்று கத்தினேன். மிஷின் எல்லாம் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் பையன், அக்கா வேண்டாமுங்க, வெளிய போயிப் பேசிக்குங்க என்று கும்பிட்டுக் கேட்டான்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். மைனி, உன் வீட்டை நான் விக்கல, கடல் எடுத்துட்டுப் போச்சு, பக்கத்து ஊர்ல கடலுக்குள்ள கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டுனதுல இருந்து அலை நம்ம பக்கம் திரும்பிட்டுது, உன் வீடு நின்ன வரைக்கும் என் வீட்டு மேல தண்ணி படல, அது விழுந்த பொறவு என் வீட்டையும் நிக்க விடல என்றாள். சுனாமிக்கே தெரு நனைந்ததோடு தப்பித்ததே என்றேன். இது சுனாமி மாதிரி வந்துட்டுப் போற கடல் இல்ல மைனி, வந்த இடத்துலயே இருந்துக்கிட்டுது என்றாள். இப்போது அங்கே தெருவே இல்லையாம். ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை, அதுதானே நம் சட்டம் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதைக் கேள். உம் மவன்தான் அம்மாட்ட சொல்லாதீங்க அத்தை, தை மாசம் நான் வந்து பக்குவமா சொல்லிக்கிடுதேன்னு சத்தியம் வாங்கிட்டான் என்றாள். கோயில் மண்டபத்தில் கிடந்தவளைக் கூட்டிவந்து அந்த யூனிட்டில் சேர்த்துவிட்டவனே நீதானாம். கருவாடு வாங்கிக் கொடுத்தனுப்பச் சொன்னதும் நீதானாம்.

ஏண்டா ராபின், உனக்கு நெஞ்சு எப்படி வந்தது? ஊரிலிருந்து வந்து என் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே, வீடு நன்றாக இருக்கிறது அம்மா, வாசலில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது, இரண்டு ராத்திரி படுத்து எழுந்தேன், நல்ல காற்று என்றாயே. முருங்கை பூச்சி விழுந்திருக்கிறதா என்றுகூடக் கேட்டேன், இல்லை என்றாய். வீடு போனதைச் சொன்னால் நான் செத்தா போய்விடுவேன்? மீன்பாடு போனபோது சாகவில்லை, ஊரை விட்டு வந்தபோது சாகவில்லை. இனி நீ சாப்பிட்டேன் என்றால் சாப்பிட்டாயா என்று சந்தேகம் வரும், காய்ச்சல் இல்லை என்றால் இருக்குமோ என்று தோன்றும். அதைத்தான் நீ எனக்குச் செய்து வைத்திருக்கிறாய். வீடு போனதைவிட அது எனக்குப் பெரிய நஷ்டம்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டு திரிந்தேன். அவரும் இந்தக் கூட்டில் உண்டோ என்று அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். இல்லை, பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, கிறிஸ்துமசுக்கு எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இன்று காலை பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன், உனக்கு அந்த வேலை மிச்சம். இழுப்பு வந்துவிடுமோ என்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. மருந்தை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். வீட்டைப் பற்றிக் கேட்பார், மனையைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், பையன் அங்கே தனியாகவா போய் நின்றான் என்று கேட்டார்.

ராபின், மிக்கேலம்மாள் கையைத் திருகிய நேரத்தில் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. வீடு வீடு என்று கத்தினேனே தவிர, பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கி நீ அந்த மணலில் நடந்து போய், வீடு இருந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்தது என் கண்ணிலேயே படவில்லை. கூட யாராவது இருந்தார்களா? எங்கே படுத்தாய், யார் சோறு போட்டார்கள்? அழுதாயா? பெற்றவள் கேட்கிறேன், வெட்கப்படாமல் எழுது. இந்தத் தடவை உள்ளதை எழுது.

அந்தோனியார் உனக்குத் துணையிருக்கட்டும், சகல ஆசீர்வாதமும் உனக்கு உண்டாகட்டும். மிக்கேலம்மாளிடம் போனில் கோபித்துக்கொள்ளாதே, அவள் கடைசிவரை சத்தியத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. இதற்குப் பதில் வரும்வரை நீ போனில் சொல்லும் எதையும் நான் நம்புவதாக இல்லை.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத, உன் பக்கத்தில் வந்து நிற்க முடியாத அம்மா
செல்லத்தாய் சகாயராஜ்