மின்னல் மீனாவின் சட்டை

என் ஆசை அக்காவுக்கு,

உங்கள் ஆண்டுத்திவசம் போன மாதம் முடிந்தது. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு மூடிக் கிடந்த தையல் மெஷினில் இப்போது நான்தான் தைக்கிறேன். நாளைக் காலை நெடுங்கேணியில் இருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன் உங்களோடு கதைக்க வேண்டும்.

மாங்குளத்துக்குக் கார்னிவல் வந்த வருடம் நினைவிருக்கிறதா? ஆட்டக்காரி மின்னல் மீனா மேடையேறினாள். முழங்காலைத் தொடாத சட்டை, அது நிறையக் கண்ணாடித் துண்டுகள், தலையில் கடதாசி ரோஜா. உச்சத்துக்குப் போனால் குரல் உடையும். பைலாப் பாட்டுப் பாடிக்கொண்டே பொலிஸ்காரருக்குக் கண்ணடித்தாள். ஊரே அவளை ஏசியது. ஏசியவர்கள்தான் முன்வரிசைக் கதிரைக்குச் சண்டை பிடித்தார்கள்.

அது நல்ல பாட்டா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்களுக்கு முன்னால் ஒருத்தி பயமில்லாமல் நிற்கிறாளே என்றுதான் என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் கிழிந்த சட்டையோடு அவளே நம் வீட்டுக்கு வந்தாள்.

"பின்னேரம் ஆட்டம் இருக்கு, தங்கச்சி. கெதியாத் தைச்சு வையுங்கோ," என்று உங்களிடம் தந்துவிட்டுப் போனாள்.

விளிம்பு சரியா என்று பார்க்க, அவள் உயரமே இருந்த என்னை அதைப் போடச் சொன்னீர்கள். போட்டதும் எனக்கு என்ன பிடித்ததோ! இடுப்பில் கைவைத்து ஆடினேன், பாடினேன், கண்ணடித்தேன். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டதும் அறைக்குள் ஓடினேன்.

வந்தவர் உங்களுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா. நான் உடுப்பு மாற்றிக்கொண்டு வர, அப்பாவும் வயலில் இருந்து வந்துவிட்டார்.

"இந்த வீட்டுப் பிள்ளை ஒண்டு அந்த ஆட்டக்காரியின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினதை யன்னலுக்குள்ளால கண்டனான். முகம் தெரியேல்ல. ஆர் அது?" என்று வந்தவர் கேட்டார்.

அப்பா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான், மாமா," என்றீர்கள்.

"நீயோ?"

"ஓம். நான்தான் ஆடினனான்."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்தது. அப்பா மாதக்கணக்கில் உங்களோடு கதைக்கவில்லை.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று குசினி அடுப்படியில் அழுதேன்.

"நீ சின்னப் பிள்ளையடி. சும்மா இரு."

பிறகு உங்களைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. அந்த மாப்பிள்ளையை உங்களுக்குப் பிடித்திருந்ததா? ஒரு நாளும் நான் கேட்கவில்லை. பிடித்திருந்தது என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

இன்று பின்னேரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவள் போயிட்டாள். நாளைக்கு வாற ஆக்களுக்கு முன்னால இதைக் கதையாதை, பிள்ளை," என்றார்.

கதைப்பேன், அக்கா. அவர்கள் வந்து கதிரையில் இருந்ததும், தேத்தண்ணீர் கொடுக்கும் முன்பே, அன்றைக்கு ஆடியது நான் என்று சொல்வேன். எழுந்து போனால் போகட்டும். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன்.

நீங்கள் மறைத்துக் காத்த தங்கச்சி,
புவனம்