முப்பத்தி மூணாம் பக்கத்துப் பூனை

என் செல்ல அம்மாவுக்கு,

முதலில் கண்ணில் பட்டது ரெண்டு காதுதான். பக்க எண்ணைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம், அதன் மேலே ரெண்டு கூர்க் காது. ‘மூணாவது கட்டில்’ நாவலில், முப்பத்தி மூணாம் பக்கத்தில். நேற்று சாயங்காலம் காதர் பாய் கடையில் நின்றபடியே அதைப் பார்த்தேன்.

அம்மா, நீ அதைப் படிச்சிருக்கே! தொடவே மாட்டேன்னு சொன்னவ, படிச்சிருக்கே!

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியணுமே. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்றேன், பொறுத்துக்கோ.

காளவாசலில், பேக்கரிக்கு மேல் மாடியில் பாயின் வாடகை நூலகம். அங்கே புத்தகம் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய அடையாளம் உண்டு. பேய் நாவலுக்கெல்லாம் அட்டை ஒரே மாதிரி. அதே விரிச்ச கூந்தல், அதே நிலா. படித்ததையே திரும்ப எடுத்துப் போய்விடக் கூடாதென்று ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குறி போடுவார்கள். ஆட்டோ ஓட்டுகிற முத்துப்பாண்டி அண்ணன் பதினேழாம் பக்கத்தில் ஒரு ‘மு’. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிற ரிட்டயர்டு வாத்தியார் தனராஜ் சார் ஐம்பதாம் பக்க எண்ணுக்கு அடியில், ஸ்கேல் வைத்து ரெண்டு கோடு. நீ முப்பத்தி மூணில் பூனை. படிக்க ஆரம்பிக்கும்போது முகமும் காதும். முடித்துவிட்டு, பிடித்திருந்தால் மட்டும் மீசை, இடது பக்கம் மூணு முடி, வலது பக்கம் மூணு முடி.

எனக்குக் குறி கிடையாது. பாய் திட்டுவாரோ என்று பயம். “எனக்குத்தான் ஞாபகம் இருக்கும்ல” என்று உன்னிடம் சாக்குச் சொல்வேன். நீ சிரிப்பாய்.

பேய்க்காரர் என்றுதான் கடையில் அந்த எழுத்தாளரைச் சொல்வோம். அவருடைய ஆரம்ப நாவல்களுக்கு நீ அடிமை. நீ வேலை பார்த்த மிஷன் ஸ்கூல் ஆபீஸுக்கே கொண்டுபோவாய். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, ‘வருகைப் பதிவேடு (பழையது)’ என்று லேபிளும் ஒட்டி வைத்திருந்தாயே! பெரிய சிஸ்டர் ஒருநாள் கூடத் திறந்து பார்த்ததில்லை என்று எவ்வளவு பெருமை உனக்கு.

எனக்கு அவருடைய பின்னாடி வந்த நாவல்கள்தான் உசிர். கிணறு கிடையாது, புளியமரம் கிடையாது. ஒரு வீடு, அதில் நாலு பேர், ஒரு குழாய் சொட்டுகிற சத்தம். அவ்வளவுதான். அதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும் என்பாய், படிக்காமலே.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் ‘மூணாவது கட்டில்’ எடுத்துவந்து, உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். ரெண்டாவது அத்தியாயத்திலேயே கையை நீட்டி மூடினாய். “பேயே வராத பேய்க்கதைக்கு எதுக்குடி இருநூறு பக்கம்? எடுத்துட்டுப் போ. நான் தொடவே மாட்டேன்.”

எனக்கு என்ன வந்ததோ. “உனக்கு வயசாயிருச்சும்மா. புதுசா எதுவும் ஏறாது” என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். புத்தகத்தை ஜன்னலிலேயே போட்டுவிட்டு எழுந்து போனேன். அதற்கப்புறம் நாம் ரெண்டு பேரும் கஞ்சி, மாத்திரை, டாக்டர் என்று பேசினோமே தவிர, கதையைப் பற்றிப் பேசவே இல்லை. மூணு வாரத்தில் நீ போய்விட்டாய். வீட்டிலிருந்த புத்தகங்களை அப்பாதான் கடையில் திருப்பிக் கொடுத்தார். நான் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சரி, நேற்றைய கதைக்கு வாரேன்!

பேக்கரிக்காரர்களுக்கு இடம் போதவில்லை என்று மாடியில் பாதியைக் கேட்டுவிட்டார்கள். பாய் கடை பாதியானது. “பேய்க்காரருக்கு இனிமே ஒரு தட்டுதான். பழசா புதுசான்னு படிக்கிற நீங்களே ஞாயித்துக்கிழமை வந்து பேசி முடிங்க. மத்தது எடைக்குத்தான்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைகளுக்கு ஹூக் வைத்து முடித்துவிட்டு, நாலு மணிக்குப் போனேன். ஆமாம்மா, கோச்சடையில் மல்லிகா அக்கா தையல் கடையில்தான் இப்போது வேலை. பத்தாவதில் விட்ட ஸ்கூலுக்குத் திரும்பப் போகவில்லை. திட்டாதே.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பொம்பளைப் பிள்ளை நான் ஒருத்திதான். அலமாரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

முத்துப்பாண்டி அண்ணன்தான் ஆரம்பித்தார். “என்னண்ணே பேச்சு இதுல? ‘கொலுசுக் கிணறு’ படிச்சுட்டு ஒரு வாரம் ஆத்தங்கரைப் பக்கம் சவாரியே எடுக்கல நானு! அது எழுத்து. இப்ப எழுதுறதெல்லாம் சீரியல்.”

“நீ சவாரி எடுக்காததுக்கு எப்பவும் ஒரு காரணம் வச்சிருப்ப மாப்ள” என்றார் யாரோ. சிரிப்பு.

தனராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆரம்ப நாவல்ல முதல் பக்கத்துலயே கதவு தானா திறக்கும். இப்ப நாப்பது பக்கம் தாண்டியும் அந்தக் கதவைத் தொடச்சுக்கிட்டே இருக்காங்க. யாருக்குய்யா பொறுமை இருக்கு? ரெண்டு புஸ்தகம் பார்த்தேன், விட்டுட்டேன்.”

“நான் ஒண்ணுகூடத் தொடலண்ணே” என்றார் முத்துப்பாண்டி அண்ணன். “சத்தியமா.”

ஒருத்தராவது மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். யாரும் இல்லை. பாய் கீழே கிடந்த சாக்கை எடுத்து உதறினார். எனக்கு உசிரான அந்தப் புது நாவல்கள் எல்லாம் ஒரு ஸ்டூல் மேல் அடுக்கியிருந்தன. யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க ஏதாவது வேண்டுமே என்று மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

காது!

அம்மா, அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை. ஓடிப்போய் உன்னைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. வாயெல்லாம் சிரிப்பு. நான் அந்தப் பக்கம் போனதும் ஜன்னலிலிருந்து எடுத்துப் படித்தாயா? தலையணைக்கு அடியிலா வைத்திருந்தாய்? பழைய லேபிளை அதற்கும் ஒட்டினாயா?

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நீயே இப்படி என்றால்?

ஸ்டூலில் இருந்த இன்னொரு நாவலை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். ‘மு’. அடுத்ததிலும் ‘மு’. மூணாவதில் ‘மு’ பக்கத்தில் டீ கறை வேறு. வாய் திறக்கத் தைரியம் இல்லை. விரித்தபடியே கொண்டுபோய் முத்துப்பாண்டி அண்ணன் முன்னால் நீட்டினேன்.

“என்ன பாப்பா?”

நான் ‘மு’வைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் பார்த்தார். பாய் எட்டிப் பார்த்தார். “எலேய் முத்துப்பாண்டி! சத்தியமா தொடலன்னே?”

“அது... வேற ஏதாச்சும் முருகனா இருக்கும் பாய்.”

“என் கடையில ஒரே ஒரு ‘மு’தான்யா இருக்கு, அது நீதான்!”

கடையே அதிர்ந்தது. அதற்கப்புறம் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஆளுக்கு ரெண்டு புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்கள். “தம்பி, இந்த நட்சத்திரம் யாருது?” “வேல் குறி உன்னுதுதான?” “யோவ், நீயுமா!” ஐம்பதாம் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட ரெட்டைக் கோடு ஏழு நாவலில் இருந்தது. பேசினவர்கள் அம்புட்டுப் பேரும் எல்லாவற்றையும் படித்திருந்தார்கள். குறி போட்டதைத்தான் மறந்துவிட்டார்கள்!

தனராஜ் சார் மட்டும் அசரவில்லை. “சரிம்மா, ஏழும் படிச்சேன், ஒத்துக்கறேன். அடுத்ததாவது நல்லா இருக்கும்னு நம்பிப் படிச்சேன். படிச்சா புடிச்சதுன்னு அர்த்தமா? உனக்குப் புடிச்சிருந்தா ஏன்னு சொல்லு.”

அது நியாயமான கேள்விதான் அம்மா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ‘மூணாவது கட்டில்’ புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

“அந்த வீட்ல மூணாவது கட்டில்ல யாரும் படுக்கிறதில்ல சார். ஆனா ராத்திரி விரிச்சு வைக்கிற போர்வை தினமும் காலையில மடிச்சிருக்கும். கடைசியில ஒருநாள் மடிக்காம கிடக்கும்ல...”

“ஆமா. அதோட முடிச்சுட்டான். அதுக்குத்தான் திட்டுறேன்.”

“பழைய நாவல்ல பேய் வந்துருமோன்னு பயமா இருக்கும் சார். இதுல இனிமே வராதோன்னு பயமா இருக்கு.”

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தனராஜ் சார் கையை நீட்டி என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி நின்றபடியே படித்தார். “நான் இப்படிப் பாக்கல” என்றார். அப்புறம், விட்டுக்கொடுக்க மனசில்லாமல், “ஆனா அந்த நாப்பது பக்கத் தொடைப்பு தப்புதான்” என்றார்.

“அது தப்புதான் சார்” என்றேன். உண்மைதானே?

இடத்துக்கு என்ன செய்ய என்றார் பாய். ‘கொலுசுக் கிணறு’ மட்டும் நாலு காப்பி இருப்பதைக் காட்டினேன். இப்படி ரெண்டு மூணாக இருக்கிற பழசையெல்லாம் எடுத்தால் என் நாவல்கள் உட்கார்ந்துவிடும். முத்துப்பாண்டி அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “கிணத்தையா? பாப்பா, என் வயித்துல அடிக்காத!” கடைசியில் ஒரு காப்பியை அவரே தூக்கிக்கொண்டு போனார். கடையில் வைத்துக்கொண்ட காப்பி எது தெரியுமா? முழு மீசையோடு உன் பூனை உட்கார்ந்திருக்கிறதே, அது.

‘மூணாவது கட்டில்’ ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் பாய் சும்மாவே கொடுத்திருப்பார். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்தால் உன் பூனையை நான் மட்டும்தானே பார்ப்பேன்? கடையில் இருந்தால் கை மாறிக்கொண்டே இருக்கும். உனக்கு அதுதானே பிடிக்கும்.

இப்போது ஒரு விஷயம். தனராஜ் சார் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது பூனையை மறுபடி பார்த்தேன். முதலில் காதை மட்டும்தான் பார்த்திருந்தேன். இடது பக்கம் மூணு மீசை இருக்கிறது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

அப்படி என்றால் என்ன அம்மா? பாதிதான் பிடித்ததா? இல்லை, வரையும்போது நான் கஞ்சியோடு உள்ளே வந்துவிட்டேனா? கை வலித்ததா? என்னிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தாயா? நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் கடைசிப் பக்கம் வரை வந்திருக்கிறாய். எனக்கு அது போதும். வயசாயிருச்சுன்னு சொன்னது தப்பும்மா.

அப்பாவிடமும் சொன்னேன். ரசத்தைக் கிளறிக்கொண்டே, உன் பேரைச் சொல்லி, “ராணி அப்பவே என் பேனாவைக் கேட்டா” என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லையாம்.

வலது பக்கத்து மீசையை நான் வரைய மாட்டேன், சத்தியம். அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் இனிமேல் நான் படிக்கிற எல்லாவற்றிலும் குறி போடுவேன். பிடித்ததை வாய் திறந்து சொல்வேன், வாத்தியார் முன்னால் நின்றாலும்.

நேற்று கிளம்பும்போது பாயிடம் பேனா கேட்டேன். புத்தகத்தை விரித்து, உன் பூனைக்கு எதிர்ப் பக்கத்தில், முப்பத்தி ரெண்டைச் சுற்றி ஒரு நூல்கண்டு வரைந்தேன். நூலின் நுனியைப் பூனைப் பக்கமாக நீட்டிவிட்டேன்.

ஜன்னலில் புத்தகத்தை விட்டுப்போன உன் மக,
பிரின்ஸி