யார் வீட்டுப் பிள்ளைங்க?

அக்கா, உங்கள் காரியம் முடிந்த மறுநாள் உங்கள் மருமகள் சும்மாடுத் துணியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மீன்கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைப்பீர்களே, அந்த நீலத் துணி. துவைத்துப் பார்த்தேன், வாசம் போகவில்லை. இனி துவைக்கப் போவதில்லை.

அந்த வாசத்தோடுதான் என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தீர்கள். குடவாசல் பக்கத்துப் பண்ணையில் கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக என் வீட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். குடிசையையும் பிரித்துப் போட்டார்கள். பிள்ளைகளோடு சீர்காழிப் பக்கம் வந்து வாய்க்கால் கரையில் ஒதுங்கினேன். இந்த ஊரில் என்னிடம் முதலில் பேசியது நீங்கள்தான். மீன் வாங்கக் காசில்லை என்றேன். மீன் கிடக்கட்டும், பிள்ளைகள் ஏன் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். மகளை மாடு மேய்க்கக் கேட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை அனுப்ப வேண்டும் என்றேன். கூடையை இறக்காமலே, "கெளம்புடி" என்றீர்கள்.

பெரிய வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடையை வெளியே வைக்கச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம உங்க வீட்டம்மா வாங்குறப்ப மணக்குதே சார்" என்றீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே என் பக்கம் திரும்பி, யார் வீட்டுப் பிள்ளைங்க என்று கேட்டார்.

நான் பண்ணை வீட்டுப் பெயரைச் சொன்னேன். யார் கேட்டாலும் எங்களிடம் கேட்பது எந்தப் பண்ணை ஆள் என்பதைத்தானே. குடிசையைப் பிரித்தவன் பெயர்தான் நாக்கில் வந்தது. வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்படியானால் அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் சேர்க்க முடியாது, நாளைக்கு வம்பு வரும் என்றார். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை செஞ்ச வீட்டைக் கேக்கலடி அவரு. பெத்த வீட்டைக் கேக்குறாரு. அப்பன் பேரைச் சொல்லு."

புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துச் சொல்வதுதானே வழக்கம். உங்களைப் பார்த்தேன். வழியிலேயே மகள் அந்தப் பெயரை உங்களிடம் சொல்லியிருந்தாள். தெரிந்தும், ஈ ஓட்டுகிறவர்போல வாசலில் இறக்கி வைத்திருந்த கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

"மாணிக்கம்" என்றேன். அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. "மாணிக்கம் வீட்டுப் பிள்ளைங்க சார்."

ஆள் எங்கே என்றார்.

"ஜெயில்ல இருக்காரு. கூலி கேட்டாரு."

வாத்தியார் பேனாவை எடுத்து இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும், "அவருக்கு அங்க இந்நேரம் புரையேறியிருக்கும்டி" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிவிடச் சொன்னீர்கள். சிரித்துச் சிரித்துத் தூக்க முடியாமல் நின்றேன்.

மகள் படித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எனக்கும் நாலு எழுத்து கூடிற்று. இந்த மடலை எழுதுவது அந்த எழுத்துதான்.

அதிராம்பட்டினம் பக்கமிருந்து ஒரு பெண் நம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறாள். இன்று காலை அவள் பையனைச் சேர்க்கக் கூடப் போனேன். டீச்சரம்மா அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அவள் புருஷன் பெயர் எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது.

இடுப்பில் உங்கள் சும்மாடு செருகியிருந்தது அக்கா. அதைத் தொட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, எனக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.