அரம் போட்ட கல்

அக்கா,

உங்கள் பிஸ்கட் டப்பா இப்போது என் மடியில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. மூடியின் ஓரத்தில் அந்த வாசம் மட்டும் வருகிறது, ஈரக் கல்லும் ரப்பரும் கல் தேய்க்கிற எமரிப் பொடியும் சேர்ந்த வாசம். காலையில் உங்கள் மகள் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா இதெ உங்களுக்குத்தான் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டுப் போனாங்க சின்னம்மா" என்றாள்.

ஏன் எனக்கு? பெற்ற மகள் இருக்கிறாள். கல் என்றால் ஆசையாகக் கையில் வாங்கிப் பார்க்கிற மருமகன் இருக்கிறார். அவர்களை விட்டுவிட்டு என்னிடம் எதற்கு அனுப்பினீர்கள்? நீங்கள் போய்ப் பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி யோசிக்கிறாளே என்று நினைக்காதீர்கள். என் புத்தி உங்களுக்குத் தெரியாததா?

லைன் வீட்டில் நமக்கு நடுவே ஒற்றைச் சுவர். நான் கல்யாணமாகிக் குடிவந்த புதிதில் அந்தச் சுவருக்கு அப்பால் எந்நேரமும் கடகடவென்று ஒரு சத்தம். சோறு வடிக்கும்போதும் கேட்கும், கோலம் போடும்போதும் கேட்கும். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சாராயம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். "சாராயம் காச்சுனா இப்புடியா சத்தம் வரும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மில்லில் நூலையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுசனுக்குச் சாராயத்தைப் பற்றி என்ன தெரியும்? எனக்கும் தெரியாதுதான். ஆனாலும் நான் விடவில்லை.

போதாக்குறைக்கு, வீட்டுக்குள் நீங்கள் தெலுங்கு பேசுவீர்கள். வாசலில் என் தலையைக் கண்டதும் தமிழுக்கு மாறிவிடுவீர்கள். என்னைப் பற்றித்தான் பேச்சு என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றும். ரசத்துக்குப் புளி போதுமா என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னீர்கள். புளிக்கு எதற்கு அவ்வளவு சிரிப்பு? அது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் உறைமோர் கேட்கிற சாக்கில் நேரே உள்ளே வந்துவிட்டேன். அடுப்படி மூலையில் ஒரு தகர டிரம் இரண்டு கம்பிகளின் மேல் படுத்துக்கொண்டு சுற்றியது. பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து ஒரு பெல்ட். கீழே வாளியில் சாம்பல் நிறத்துச் சேறு. நான் மூக்கை நீட்டி மோந்து பார்த்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"கல்லுங்க அம்மணி. ரோட்டோரத்துக் கல்லு."

"கல்ல எதுக்குங்க்கா சுத்தறீங்க?"

"சும்மாதான். பாக்கறதுக்கு நல்லா இருக்குமுங்க."

உங்கள் வீட்டுக்காரர் பவுண்டரியில் வேலை பார்த்தார். அவருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில்தான் நீங்கள் அதைப் பார்த்தீர்களாம். வார்த்தெடுத்த சாமான்களைப் பெரிய டிரம்மில் போட்டு உருட்டுவார்கள், ஒட்டிய மணலெல்லாம் உதிர்ந்து சுத்தமாகிவிடும். அதற்குள் தப்பித்தவறி விழுந்த ஒரு கூழாங்கல் வழுவழுவென்று வெளியே வந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கும் இப்படி ஒரு டிரம் வேண்டும் என்று வீட்டுக்காரரை ஒற்றைக் காலில் நின்று கேட்டிருக்கிறீர்கள். அவரும் லாரி டியூபை வெட்டி உள்ளே ஒட்டி, பழைய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறார். புடவை கேட்டிருந்தால்கூட அந்த மனுசன் அவ்வளவு சீக்கிரம் வாங்கித் தந்திருப்பாரா, சந்தேகம்தான்.

பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக ஒரு பொம்பளை வாரக்கணக்கில் கரண்ட் செலவு பண்ணிக் கல்லை உருட்டுவாளா? நான் நம்பவில்லை. நம்பாமலே தினமும் வந்தேன். முதலில் பெரிய நறநறப் பொடி, அப்புறம் மாவு மாதிரிப் பொடி, கடைசியில் கண்ணாடிக் கடையில் மெருகு போடுகிற சிவப்புப் பொடி என்று ஒவ்வொன்றாய்க் காட்டினீர்கள். ஈரக் கல்லைப் பார்த்து நான் ஆகா என்றால் நீங்கள் தலையாட்டி மறுப்பீர்கள்.

"ஈரத்துல எல்லாக் கல்லும் அழகுதானுங்க அம்மணி. காஞ்சதுக்கப்பறமும் அப்புடியே நிக்கோணும். அதுக்குத்தான் இத்தன பாடு."

உங்கள் கற்கள் காய்ந்ததும் கொஞ்சம் மங்கித்தான் போயின. என்ன செய்தாலும் கடைசி மினுமினுப்பு மட்டும் வரவில்லை. உங்களுக்கு அதில் பெரிய குறை.

என்னிடம் ஒரு கல் இருந்தது. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பா கிணறு வெட்டினார். பாறை வந்தது, வெடி வைத்தார். அதற்கும் கீழே பாறைதான் வந்தது. தண்ணீர் கடைசிவரை வரவில்லை. வெடியில் சிதறியதில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கல் மட்டும் கிடைத்தது. மேலெல்லாம் வெள்ளைச் சொரசொரப்பு, ஒரு மூலையில் லேசாக நீலம். "கெணறு தண்ணி குடுக்கல. இதையாச்சும் குடுத்துது, வெச்சுக்க கண்ணு" என்று என் கையில் வைத்தார். அப்புறம் அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. அப்பா வீட்டிலிருந்து எனக்கென்று வந்தது அந்தக் கல் ஒன்றுதான்.

அதை வெயிலில் திருப்பிப் பார்த்த நீங்கள், "உள்ளுக்குள்ள நல்ல நெறம் இருக்குதுங்க. குடுங்க, உருட்டித் தாரேன்" என்றீர்கள். காங்கேயத்துப் பக்கம் நிறக்கல்லுக்கு வியாபாரிகள் பையைத் தூக்கிக்கொண்டு அலைவது ஊருக்கே தெரியும். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் நான் நாலைந்து நாள் தவித்தேன். கொடுக்கவும் பயம், அந்த நிறத்தைப் பார்க்கவும் ஆசை.

அப்பா மாட்டைச் சந்தைக்கு அடுத்தவர் கையில் அனுப்பினால் கொம்படியில் அரத்தால் ஒரு கோடு போட்டுத்தான் அனுப்புவார். "நம்பறது தப்பில்ல கண்ணு. அடையாளம் வெச்சுப்போட்டு நம்போணும்" என்பார். நானும் அதையே செய்தேன். என் வீட்டுக்காரரின் அரத்தை எடுத்துக் கல்லின் அடிப்பக்கம் அழுத்தி ஒரு கோடு போட்டேன். லேசில் விழவில்லை, கை காய்த்துப் போனது. பிறகு நிம்மதியாக உங்களிடம் கொடுத்தேன்.

எத்தனையோ வாரம் கழித்து நீங்கள் என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தீர்கள். சலவை நீலம் ஒரு சொட்டு விட்ட தண்ணீர் போல இருந்தது. நெல்லிக்காய் அளவுதான். திருப்பினேன். திரும்பத் திரும்பத் திருப்பினேன். கோட்டைக் காணோம்.

"இது என்ற கல்லு இல்லீங்க."

"உங்க கல்லுதானுங்க அம்மணி."

"என்ற கல்லுல நான் அரம் போட்டு வெச்சிருந்தேன். அதெங்கீங்க போச்சு?"

நீங்கள் சிரித்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "அட என்ற அம்மணி! அதெ அழிக்கறதுக்குத்தான இத்தன நாளு ஓட்டுனது!"

இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள்தான் இப்படிச் சிரித்து மழுப்புவார்கள் என்று நினைத்தேன். அப்பாவே இன்னொரு தடவை செத்துப்போன மாதிரி இருந்தது. உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டேன், "எங்கப்பன் குடுத்ததெ மாத்திப்போட்டீங்களே" என்று. உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் பேச்சில்லை. சிறுவாணித் தண்ணீருக்குக் குழாயடியில் நிற்கும்போது உங்கள் குடத்துக்கும் என் குடத்துக்கும் நடுவே இன்னொருத்தி குடம் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். சுவருக்கு அப்பால் டிரம் ஓடவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குப் பகலே ஓடவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டும், நீங்கள் டிரம்மை இடுப்பில் வைத்துக்கொண்டும் என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். என் அடுப்படியில் இறக்கி வைத்தீர்கள்.

"நீங்களே ஒரு கல்லு கொண்டாங்க. நீங்களே கோடு போடுங்க. பூட்டும் நீங்களே போட்டுக்குங்க. என்னெ நம்ப வேண்டாமுங்க அம்மணி. பாத்துக்குங்க, போதும்."

நான் சும்மா விடுகிற ஆளா? யாருக்கும் சொல்லாமல் நொய்யல் கரைக்குப் போய்க் கல் பொறுக்கிவந்தேன். ஒவ்வொன்றிலும் அரம் போட்டேன். டிரம் மூடியில் கொண்டியடித்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டேன். பூட்டும் சேர்ந்து சுற்றியதில் எழும்பிய சத்தத்துக்கு லைனே எழுந்து உட்கார்ந்தது. நீங்கள் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

பொடி மாற்ற வேண்டிய நாளில் உங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். பூட்டைத் திறந்து, சேற்றுக்குள் கையை விட்டு, ஒரு கல்லைக் கழுவினேன். கோடு இருந்தது. ஆனால் பாதிதான் இருந்தது. நகத்தால் கீறின மாதிரி மங்கிப்போய், ஓரமெல்லாம் மழுங்கி, இன்னும் கொஞ்ச நாளில் காணாமல் போகத் தயாராக இருந்தது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றீர்கள்.

நான் டிரம் மூடியைத் திருப்பிப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இதென்னங்க்கா, மூடி இடுக்குல பழைய பொடி அப்புடியே கெடக்குது? கல்லுப் பொத்தலுக்குள்ளயும் இருக்குது. இதோட அடுத்த பொடியப் போட்டா கீறாதுங்களா?"

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். விரலால் தடவி வெளிச்சத்தில் பார்த்தீர்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அட ராமா! மினுமினுப்பு வராததுக்கு இதுதானுங்களா காரணம்! நான் கழுவுனாச் சுத்தமாயிருச்சுன்னு நம்பீர்றேன். நம்பாத ஆளு ஒண்ணு பக்கத்துல இல்லாமப் போச்சே இத்தன நாளா!"

அன்று என் அடுப்படிக்கு வந்த டிரம் திரும்பிப் போகவே இல்லை. உருட்டுவது நீங்கள், கழுவுவது நான். பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் பிடித்து, நான் சரி என்று சொல்லாமல் ஒரு கல்கூட அடுத்த பொடிக்குப் போகாது. முதல் தடவையாகக் காய்ந்த பிறகும் ஈரம் போலவே நின்ற கல்லை உங்கள் கையில் வைத்தபோது நீங்கள் என் கன்னத்தைக் கிள்ளினீர்கள். உங்கள் தெலுங்கில் ஏதோ சொன்னீர்கள். அர்த்தம் கேட்டேன், சொல்லவில்லை. போகட்டும்.

ஆனால் அக்கா, கோடு அழியும் என்பதைத்தானே நீங்கள் காட்டினீர்கள். என் அப்பாவின் கல்லை மாற்றவில்லை என்பதைக் காட்டவில்லையே? இந்தக் கேள்வி ஒரு துளிப் பொடி போல என் மனசின் ஏதோ ஒரு பொத்தலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. அது உங்களுக்கும் தெரியும். ஒருநாள் கல் கழுவிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டீர்கள், "இன்னும் அந்தச் சந்தேகம் இருக்குதுங்களா அம்மணி?"

"ச்சே, இல்லீங்க" என்றேன்.

"இருக்கட்டும் உடுங்க. இருந்தாத்தான் நல்லாக் கழுவுவீங்க."

இப்போது டப்பாவைத் திறந்துவிட்டேன். எல்லாவற்றையும் முறத்தில் கொட்டினேன். சிவப்பு, கறுப்பு, தேன் நிறம், எல்லாம் என் கை பட்டவைதான். அடியில் மட்டும் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தேன். உருட்டாத கல். எலுமிச்சை அளவு. மேலெல்லாம் வெள்ளைச் சொரசொரப்பு.

அப்பா என் கையில் வைத்தது போலவே இருந்தது அக்கா. திருப்பிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. ஆயுசெல்லாம் ஏதாவது அகப்படுமா என்று தேடினவள் நான். அவிநாசியப்பா, இதில் கோடு இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எதுவும் அகப்படக் கூடாதே என்று நான் பயந்தது இதுதான் முதல் தடவை.

திருப்பினேன். கோடு இல்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், தண்ணீர் விட்டுக் கழுவினேன், நகத்தால் தடவினேன். இல்லை. அடுத்த தடவைக்கென்று நீங்கள் எடுத்து வைத்திருந்த ஏதோ ஒரு ரோட்டோரத்துக் கல். ஓவென்று அழுதுவிட்டேன்.

டப்பா எதற்கு என்னிடம் வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. மகளிடம் போயிருந்தால் நான் கேட்டு வாங்கித் தேட முடியுமா? தேடாமல் என்னால் சாகத்தான் முடியுமா? நம்பு என்று நீங்கள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பார்த்துக்கொள் என்றுதான் சொன்னீர்கள். போகும்போதும் அதையேதான் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள்.

அந்த நீலக் கல் என் சுருக்குப் பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது அப்பாவின் கல்தான். இந்த வெள்ளைக் கல்லை நாளைக்கு டிரம்மில் போடலாம் என்று பார்க்கிறேன். எப்போது பொடி மாற்றுவது என்று உங்களைக் கேட்டுக்கேட்டே பழகிவிட்டேன். கழுவ நான் இருக்கிறேன் அக்கா. உருட்ட நீங்கள் இல்லை.