குளிக்கப் போனாரு

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் கேமராவைத் தொடவில்லை. கேமரா பீரோவில். பீரோச் சாவி துறைத் தலைவரிடம். துறைத் தலைவர் மதுரையில் ஏதோ கருத்தரங்கில். ரெனிஷ் சார் கரும்பலகையில் கேமராவின் படம் வரைந்து, "இதுதான் லென்ஸ்" என்றார். அவருக்கு இருபத்தேழு வயது. நான் அவரை சார் என்கிறேன், அவர் என்னை மேடம் என்கிறார். வகுப்பில் மற்ற பத்துப் பேருக்கும் என்னை என்னவென்று கூப்பிடுவது என்பது ஒன்பது மாதமாக முடிவாகவில்லை. ஏரலிலிருந்து வரும் ஸ்டெபி மட்டும் 'ஆன்ட்டி' என்று தீர்த்துவிட்டாள்.

வகுப்பு முடிந்ததும் ரெனிஷ் சார் தனியாக நிறுத்திச் சொன்னார். அடுத்த வருடம் எங்கள் திரைப்படப் பிரிவை இதழியலோடு சேர்க்கப் போகிறார்களாம். படம் எடுக்கும் பாடமே கிடையாது. "வேற இடத்துல நேரடி ரெண்டாம் வருசத்துக்குப் போட்டுப் பாருங்க மேடம். சென்னையில ஒரு காலேஜ், கேரளாவுல ஒரு காலேஜ் எடுக்காங்க. ஆனா சீட்டு ரெண்டு மூணுதான்."

திருநெல்வேலியிலிருந்து கடலோரத்து எங்கள் ஊர் வரும்வரை பேருந்தில் இதே யோசனை. இருபத்திரண்டு வருடம் இறால் ஏற்றுமதி ஆய்வகத்தில் கிருமி எண்ணினேன். அம்மா போனபின் வேலையை விட்டுவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில் முதலாமாண்டு சேர்ந்தேன். ஒரு கல்லூரிக்கு வேடிக்கைப் பொருளாக இருந்தாயிற்று. இன்னொரு கல்லூரிக்குமா?

மார்ச் 9, ஞாயிறு

இன்று நான் பேசிய முதல் சொல் மாலை ஐந்தரைக்கு. மஸ்கட்டிலிருந்து அண்ணன் ஃபிராங்க்ளின் கூப்பிட்டபோது 'ஹலோ' சரியாக வரவில்லை.

"ஏளா, அழுதியா?"

அழவில்லை. பேசாமல் இருந்து தொண்டை கட்டிக்கொண்டது, அவ்வளவுதான். சென்னைக்கு விண்ணப்பம் போடுவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான். "அம்பது வயசுல ஆளுக பேரப்பிள்ளயத்தாம்ளா எடுப்பா. படம் எடுக்க மாட்டா."

பேரப்பிள்ளை இல்லாதவள் படத்தை எடுத்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் போனை வைத்தபிறகுதான் வருகிறது.

மார்ச் 21, வெள்ளி

கேரளாவுக்குப் போட்டாயிற்று. சென்னையின் இணைய விண்ணப்பத்தில் பிறந்த வருடப் பட்டியல் 1985-இல் நின்றுவிட்டது. நான் 1976. கேட்டு எழுதினேன். பதில்: 'மிக அருகிலுள்ள வருடத்தைத் தேர்ந்தெடுக்கவும்.' தேர்ந்தெடுத்தேன். விண்ணப்பத்தில் உள்ள ஒரே பொய் அவர்கள் சொல்லச் சொன்னது.

'ஏன் மாற விரும்புகிறீர்கள்? முந்நூறு சொற்களில்.' தமிழிலும் எழுதலாமாம். 'இருபத்திரண்டு வருடம் நுண்ணோக்கியில் பார்த்தேன். பார்க்கத் தெரியும். அடுத்தவருக்குக் காட்டத் தெரியவில்லை.' ஒன்பது சொல். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு என்னிடம் சரக்கு இல்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

இதோடு ஏழு நிமிடப் படம் ஒன்று, ஆங்கில சப்டைட்டிலோடு, ஜூன் பத்துக்குள். அதை வைத்துத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவதும் கூப்பிடாததும்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது, உன்னைப் படம் எடுக்கட்டுமா என்று பிளாரன்ஸிடம் கேட்டே விட்டேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. அவள் புருஷன் சிலுவை சங்கு எடுக்க முங்குகிறவன். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் முங்கியவன் வரவில்லை. அவன் மூச்சுக்குக் காற்று போகும் ரப்பர் ஓஸ் மட்டும் மேலே வந்தது.

குருத்தோலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "எடுங்கக்கா. எனக்கென்ன. ஒண்ணே ஒண்ணு. என்னயப் பாத்து யாரும் சிரிச்சிரக் கூடாது."

யார் சிரிக்கப் போகிறார்கள் என்றேன்.

"அது தெரியாதுல்லா. பல்லு வேற முன்னால நிக்கி எனக்கு."

ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள், சத்தியம் என்றேன். நான் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. ஏன் செய்தேன்?

ஏப்ரல் 27, ஞாயிறு

பிளாரன்ஸ் வீட்டுப் பின்கட்டில் என் போனிலேயே எடுத்தேன். மூன்று மணிநேரம் மீன் விலையும் மருமகளும்தான். சிலுவையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. கிளம்பலாம் என்று நினைத்தபோது குழாயில் தண்ணீர் வந்தது. வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு அவளாகச் சொன்னாள்.

"அவரு குளிக்கப் போனாரு. இன்னும் ஏறல."

வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

"எப்பவும் குளிச்சிட்டு வாரேம்பாரு. அன்னைக்கு போறேன்னு மட்டும் சொன்னாரு. நான் மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன், கவனிக்கல."

வாளி நிரம்பி வழிந்தது. நான் போனை நிறுத்தவில்லை, அவள் குழாயை மூடவில்லை. பதினொரு விநாடி. ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான மாதிரி பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று கிடைத்ததில்லை. கிடைத்தது என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

மே 16, வெள்ளி

கேரளா: 'உங்கள் முதலாமாண்டுப் பாடங்கள் எங்கள் பாடத்திட்டத்தோடு பொருந்தவில்லை.' இனி சென்னை ஒன்றுதான்.

ஜூன் 9, திங்கள்

சப்டைட்டில் போடும் மென்பொருள் எனக்கு வசப்படவில்லை. "இங்கிலீஷ்ல மாத்தி நானே போட்டுத் தாரேன் ஆன்ட்டி, ரெண்டு மணி நேர வேல" என்று ஸ்டெபி மடிக்கணினியோடு ஏரலிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். சாளை மீன் குழம்பு வைத்தேன். அம்மாவுக்குப் பிறகு இந்த மேசையில் இன்னொரு தட்டு இன்றைக்குத்தான்.

"தனியா இருக்க பயமா இல்லயா ஆன்ட்டி?"

பயம் இல்லை, சத்தம்தான் இல்லை என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. வேலை செய்யும்போது ஓரிடத்தில் மூக்கை உறிஞ்சினாள். குழம்பில் காரம் அதிகமோ என்று நினைத்தேன்.

அவள் போனபின் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துப்பிழை, காற்புள்ளி எல்லாம் பார்த்தேன். குழாயடி வந்ததும் எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இடத்தை என்னால் கேட்க மட்டும்தான் முடிகிறது. சத்தம் சரியாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நேர்காணலுக்கு அழைப்பு. இரண்டு இடத்துக்குப் பத்தொன்பது பேர். தடையில்லாச் சான்றில் கையெழுத்துப் போட்ட துறைத் தலைவர், "மகளுக்கா மேடம்?" என்று கேட்டார். ஒரு வருடம் அவர் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 2, புதன், சென்னை

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சின்னத் திரையரங்கு. தேர்வுக் குழுவில் நான்கு பேர், பின்னால் படம் ஓட்டும் பையன்கள் இருவர். என் படத்தைப் போட்டார்கள். குழாயடி வந்தது. வாளி. பிளாரன்ஸின் குரல். கண்ணை மூடினேன்.

சிரித்தார்கள்.

கண்ணைத் திறந்தேன். அவள் முகத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்து: அவர் பாத்ரூமுக்குக் குளிக்கப் போனார், இன்னும் வெளியே வரவில்லை. அதற்கு மேலே வாளி நிரம்புகிறது. பின்னாலிருந்த பையன்கள் வாய்விட்டே சிரித்தார்கள். அவள் பல் தெரிந்தது. திரையில் அவ்வளவு பெரிதாக.

விளக்கைப் போட்டதும் தலைவர் ரசித்த முகத்தோடு கேட்டார். "இது பிளாக் ஹியூமரா?"

இல்லை என்றேன். வழக்கமாக அதோடு நிறுத்திவிடுகிறவள் நான். ஆனால் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேனே, எப்படி நிறுத்த?

"அந்த வரி தப்பு. சரிபாக்காதது என் தப்பு. எங்க ஊர்ல குளிக்கதுன்னா கடலுக்குள்ள முங்குறது. முத்துக் குளிக்கதுன்னு சொல்லுதோம்லா, அந்தக் குளிக்கது. அவ புருசன் சங்கு குளிக்கப் போனாரு. ஏறல. அதத்தான் சொல்லுதா."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஊர்ப்பேச்சை வெளியூரில் பேசி எத்தனை வருடம்?

"இன்னொரு தடவ போடுங்க" என்றேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, "போடுங்க, கீழ எழுத்து இல்லாம" என்றார். போட்டார்கள். இந்த முறை வாளி நிரம்பும் சத்தம் மட்டும் இருந்தது. ஆனால் முதல் சிரிப்பு சிரித்தாயிற்று.

அந்தப் பெண்மணிதான் கேட்டார். "ஏன் நீங்க சரிபாக்கல?"

"அந்த இடத்துல கண்ண மூடிக்கிடுவேன்."

"அடுத்தவருக்குக் காட்டத் தெரியலைன்னு எழுதியிருந்தீங்க. காட்ட வேண்டிய இடத்துல நீங்களே கண்ண மூடினா எப்படி?"

சான்றிதழ்களை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

ஜூலை 3, வியாழன்

ரயிலிலிருந்து இறங்கி வீட்டைத் திறந்தேன். ஆய்வகத்திலிருந்து வருகிற நாளிலெல்லாம், சாவி சத்தம் கேட்டதுமே அம்மா கட்டிலில் படுத்தபடி "வந்துட்டியாளா?" என்பாள். நான்கு வருடம் படுக்கையில் கிடந்தபோதும் அதை விடவில்லை. எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வரும். வராமல் எங்கே போகிறேன்? இன்றைக்குச் சாவியைத் தேவையில்லாமல் இரண்டு தடவை திருப்பினேன்.

ஸ்டெபியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுதுவிட்டாள்.

"எங்க ஊர்ல குளிக்கப் போனாருன்னா ஆத்துக்குத்தான் ஆன்ட்டி. ஆத்தோட போயிட்டாரு போலன்னு நினைச்சேன். நினைச்சு அழுதுட்டேதான் போட்டேன். இங்கிலீஷ்ல ஆறுன்னு வந்தா சென்னைக்காரங்களுக்கு விளங்காதேன்னு பாத்ரூம்னு மாத்திட்டேன்."

ஏரலுக்கும் எனக்கும் ஒரு மணிநேர பஸ் தூரம். அவளுக்கு ஆறு, எனக்குக் கடல், அவர்களுக்கு பாத்ரூம். அன்றைக்கு அவள் மூக்கை உறிஞ்சியது காரத்தால் இல்லை. அவளைத் திட்ட வரவில்லை. அவள் கண்ணைத் திறந்துகொண்டு அழுதிருக்கிறாள். நான்தான் மூடிக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

பிளாரன்ஸைத் தெருவில் பார்த்தேன். "நம்ம படம் என்னாச்சுக்கா?" இன்னும் தெரியவில்லை என்றேன். அது பாதிதான் உண்மை.

ஜூலை 19, சனி

இடம் கிடைத்துவிட்டது. இரண்டில் ஒன்று.

மின்னஞ்சலை நான்கு முறை படித்தேன். பிறகு கூடத்தில் கொஞ்சநேரம் நடந்தேன். யாரிடம் சொல்வது? அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பிளாரன்ஸிடம் இதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். மற்றதைச் சொல்லாமல் இந்த இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

ஜூலை 26, சனி

காலையில் மாதா கோயிலில் கொடியேற்றம். மதியம் பிளாரன்ஸ் வீட்டுக்குப் போனேன். எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்தபின் சொன்னேன். இடம் கிடைத்தது. முதலில் சிரித்தார்கள்.

"பல்லப் பாத்தா?"

பல் இல்லை, வார்த்தையைக் கேட்டு என்றேன். விளக்கினேன். கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"குளிக்கப் போனாருன்னா பாத்ரூமுக்கா?"

"ஆமா."

"ஒம்பது வருசமாவா குளிக்காருன்னு நினைச்சாவ?"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா? நான் கண்ணை மூடவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அப்படியும் தெரியவில்லை.

கொஞ்சம் கழித்து, "சத்தியம் பண்ணினீயல்லாக்கா?" என்றாள்.

"பண்ணினேன்."

"இனிமே யாருக்கும் பண்ணாதிய."

தட்டைக் கவிழ்த்து வைத்தாள். நான் வாசலுக்கு வந்தபிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த எழுத்த மாத்திட்டு எனக்குப் போட்டுக் காட்டணும், என்ன?"

சரி என்றேன். சத்தியம் என்று சொல்லவில்லை.

ஜூலை 28, திங்கள்

நானே உட்கார்ந்து அந்த வரியை மாற்றினேன். இரண்டு வரியாக வந்தது, நீளம்தான். குழாயடியை முழுக்கப் பார்த்தேன். வாளி நிரம்புவதற்கு முன் பிளாரன்ஸ் ஒருமுறை வாசலைப் பார்க்கிறாள். இத்தனை நாள் எனக்குத் தெரியாது. அவளிடம் போட்டுக் காட்டினேன். இரண்டாம் தடவை போடச் சொன்னாள்.

ஜூலை 30, புதன்

திருநெல்வேலியில் டி.சி. வாங்கியாயிற்று. இனி திரும்ப முடியாது. 'நடத்தை: நன்று' என்று போட்டிருக்கிறார்கள். நாற்பத்தொன்பது வயதில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய், சென்னை

ஊரில் இன்று மாதா திருவிழா. பிறந்ததிலிருந்து நான் இல்லாத முதல் திருவிழா. பிளாரன்ஸ் போனில் கூட்டத்தின் படம் அனுப்பியிருந்தாள். தலைகள்தான் தெரிகின்றன. அண்ணன்கூட 'அங்கன சாப்பாடு எப்படி' என்று கேட்டிருந்தான்.

விடுதியில் வயதுக்கு மரியாதை என்று எனக்குத் தனி அறை. மரியாதை என்றால் எங்கேயும் தனி அறைதான்.

காலையில் குளியலறை வாசலில் வரிசை. எனக்கு அடுத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண். பெயர் இன்னும் தெரியாது. "ஆன்ட்டி, நீங்க குளிக்கப் போறீங்களா, இல்ல நான் போகட்டா?"

போறேன் என்று வாய்வரை வந்தது. நிறுத்தினேன்.

"குளிச்சிட்டு வாரேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பாத்ரூமுக்குப் போறதுக்கெல்லாமா ஆன்ட்டி இப்படிச் சொல்வாங்க?"

சிரிக்கட்டும். எங்கள் ஊரில் சொல்வோம் என்றேன். என்றைக்காவது அவளிடம் முழுதும் சொல்லலாம்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அதே சிரிப்போடு.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."