சூ.தே. கையெழுத்து இல்லாத புரூஃப்

இயேசு மரி சூசை துணை

திருப்போரூர்
14-9-2003

பாசமுள்ள அண்ணன் சூ. தேவசகாயம் அவர்களுக்கு, தம்பி ஜெரோம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிலோமினாவும் அன்பரசியும் சுகம். அங்கே நீங்களும் மோசஸும் மருமகளும் பேரப்பிள்ளையும் சுகமா என்று அறிய ஆவலாக இருக்கிறோம். நேரில் உங்களை 'நீ' என்றுதான் பேசுவேன். இந்தக் கடிதத்தில் அது வரமாட்டேன் என்கிறது. மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன், இது நாலாவது. காகிதத்தை வீணடிக்கிறேன் என்று திட்ட வேண்டாம். எல்லாம் கட்டிங்கில் விழுந்த துண்டுத் தாள்தான்.

பூனாவில் மழை விட்டதா? மழைக் குளிரில் உங்களுக்கு மூச்சு இரைக்கும் என்று பிலோமினா தினமும் சொல்கிறாள். அந்தக் கம்பளிச் சட்டையை நீங்கள் எடுத்துப் போகவில்லை. பிரஸ்ஸில் ஆணியிலேயே தொங்குகிறது. நானும் அதை எடுத்து மடித்து வைக்கவில்லை.

பிரஸ் விஷயம் சொல்கிறேன். நீங்கள் போன இந்த மூன்று வாரத்தில் இரண்டு வேலை திரும்பி வந்துவிட்டது. கிருத்திகை அன்னதான நோட்டீஸில் தேதி சரி, கிழமை தப்பு. திருவிடந்தையில் மனை விற்கிறவர்களின் நோட்டீஸில் மனை வரைபடம் தலைகீழாக ஏறிவிட்டது. கிழக்கே இருக்கிற கடல் மேற்கே போய்விட்டது. காசிநாதன் இரண்டாயிரம் அடித்து முடித்த பிறகுதான் ஜெகதாம்பாள் மடிக்கும்போது பார்த்துச் சொன்னாள். நம் பிரஸ்ஸில் புரூஃபில் உங்கள் சிவப்புப் பேனா கையெழுத்து இல்லாமல் எதுவும் மெஷினில் ஏறக் கூடாது என்பது இருபது வருஷமாக வழக்கம். நீங்கள் எட்டாவதுதான் படித்தீர்கள். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பதால்தான் உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பி.காம். படித்த சங்கரியும் பி.யூ.சி. படித்த நானும் வேகமாகப் படித்துவிட்டுக் கடலை இடம் மாற்றுகிறோம்.

இதையெல்லாம் எழுதவா உட்கார்ந்தேன்? இல்லை. எழுத வேண்டியது வேறு. அதை எப்படியாவது இந்தத் தாளிலேயே எழுதிவிடுகிறேன்.

ஜூலை கடைசி சனிக்கிழமை. மறுநாள் வீட்டுக்கு அன்பரசியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த ஏசுதாஸும் அவர் சம்சாரமும், வழியில் எட்டிப் பார்ப்போம் என்று சொல்லாமல் கொள்ளாமல் பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். வாசலிலேயே அவர் ஆரம்பித்தார். கல்பாக்கத்தில் தன் பையனோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வருவார்களாம், எல்லோரும் படித்தவர்களாம். சொந்தமாகப் பிரஸ் வைத்திருக்கிற குடும்பம் என்றதும் படித்த குடும்பமாகத்தான் இருக்கும் என்று நம்பி வந்தாராம். கருங்குழியில் நம்மைப் போலவே ஊரார் கழனியில் கூலிக்கு இறங்கிய சனம்தான் அவர்களும். அவருடைய அப்பா காலத்திலேயே மாதச் சம்பளத்துக்கு ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

ஆட்களை அறிமுகம் செய்யுங்கள் என்றார். செய்தேன். அன்று எல்லோரையும் ஒரு படி ஏற்றித்தான் சொன்னேன். சங்கரியைக் காட்டி, கம்ப்யூட்டரில் இவளை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்றேன். மெட்ராஸில் இரண்டே மாதம் வேலை பார்த்துவிட்டு முதலாளியோடு சண்டை போட்டு வந்த காசிநாதனை, பெரிய ஆப்செட் கம்பெனியில் இருந்தவர், நான்தான் கெஞ்சி அழைத்து வந்தேன் என்றேன். ஜெகதாம்பாள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தாள் மடிப்பாள் என்றேன். அவளே என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நீங்கள் கிழிந்த பனியனோடு தரையில் குந்தி, டப்பாவில் மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தீர்கள். முழங்கை வரைக்கும் பசை. ஏசுதாஸ் உங்களைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்றார். "பைண்டிங் பாக்குறவரு. நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்காரு" என்றேன்.

அண்ணே, அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன். வாசலில் தொங்குகிற 'சூசை அச்சகம்' போர்டில் இருக்கிற சூசை உங்களுக்கும்தான் அப்பா. அந்தப் போர்டைத் தாண்டித்தான் அவர்களை உள்ளே அழைத்து வந்தேன்.

நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். "ஓனரு, டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டீர்கள். பிறந்ததிலிருந்து என்னை 'டேய் ஜெரோமு' என்று கூப்பிட்ட வாய் அது. நான் தலையை ஆட்டினேன். நீங்களே போய் வாங்கி வந்து, இடது கையால் கிளாஸை நீட்டினீர்கள். அந்த அம்மாள் கையைப் பார்த்துவிட்டாள். இரண்டு விரல் எங்கே போயிற்று என்று உங்களிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள். இங்கே வருவதற்கு முன்னால் வேறு எங்கேயோ ஆனது, நம்ம பிரஸ்ஸில் அப்படியெல்லாம் நடக்காது என்று சொன்னேன்.

சங்கரி தட்டுவதை நிறுத்திவிட்டாள். காசிநாதன் மெஷினுக்குள் குனிந்துகொண்டான். நீங்கள் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

அவர்கள் போன பிறகு நீங்கள் நாலு வார்த்தை திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். கோயில் ரசீது புத்தகத்துக்கு ஐம்பது தாளா நூறு தாளா என்று கேட்டீர்கள். நூறு என்றேன்.

மறுநாள் காய்ச்சல் என்று அன்பரசியிடம் சொல்லி அனுப்பினீர்கள். காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்பாடா என்று இருந்தது. இதை எழுதும்போது முகம் எரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பேச்சுவாக்கில் ஏசுதாஸ், உங்களுக்கு ஒரு அண்ணன் உண்டாமே, அவர் வரவில்லையா என்றார். பூனாவில் மகனோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தேன். காப்பித் தட்டோடு கதவோரம் நின்ற அன்பரசி அதைக் கேட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பேரனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, பூனாவுக்குப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, கல்யாண வேலை தலைக்கு மேலே கிடக்கும்போது இப்போது என்ன அவசரம் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சென்ட்ரல் வரைக்கும் கூட வரவில்லை. மெஷினில் அர்ஜென்ட் வேலை என்றேன். அன்று மெஷின் சும்மா கிடந்தது.

போன வியாழக்கிழமை கல்யாணப் பத்திரிகை அடிக்க எடுத்தோம். சங்கரி கம்பியில் குத்தி வைத்திருந்த புரூஃபை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தாள். ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் நீங்கள் பார்த்துக் கொடுத்த புரூஃப். சிவப்புப் பேனாவில் ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். 'மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்த தாளில் மாப்பிள்ளையின் சித்தப்பா பெயர் இருக்கிறது. இதில் விட்டுப்போயிருக்கிறது. அவர்கள் வருத்தப்படுவார்கள். சேர்க்கவும்.' கீழே, 'மற்றபடி சரி. அச்சிடலாம். சூ.தே.'

பெண் வீட்டார் பக்கத்தில் பெரியப்பா என்று ஒரு பெயரும் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததே அப்படித்தான். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கிற நீங்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பிறகும் அதை மெஷினில் ஏற்றச் சொன்னேன். அண்ணே, நான் அப்படிப்பட்டவன். காசிநாதன் தாளை வாங்கிப் பார்த்தான். மெஷினை ஆஃப் செய்தான். "நீ ஓனரு, நான் கூலிக்கு வந்தவன். ஆனா பெரியவரு பேரு இல்லாத பத்திரிகைய நான் ஓட்டமாட்டேன். வேற எங்கனா குடுத்து ஓட்டிக்கோ" என்றான். நான் கத்தினேன். வேலையை விட்டுப் போ என்றேன். அப்போது ஜெகதாம்பாள் குறுக்கே வந்தாள். இந்த மழையில் இரைப்போடு பூனாவுக்கு எதுக்கு என்று அவள் உங்களைக் கேட்டாளாம். அதற்கு நீங்கள் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "சம்பந்திகிட்ட நான் பூனாவுல கீறேன்னு தம்பி சொல்லிகிறான். நான் இங்கயே சுத்திகினு இருந்து யார்னா பாத்துட்டா அவன் பொய்யனாயிடுவான்ல. அதான் போறேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் சரி.

கையைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். பிரஸ் தொடங்கின வருஷம், பங்குனி உத்திர நோட்டீஸ். நீங்கள் தாளை அடுக்கிப் பிடித்திருந்தீர்கள். நான் கட்டிங் மெஷின் சக்கரத்தில் நின்றேன். நீங்கள் 'ம்' சொன்ன பிறகுதான் நான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே, நீங்கள் 'ம்' சொல்வதற்கு முன்னால் சுற்றிவிட்டேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கேட்டபோது, நானே சுற்றினேன், என் தப்புதான் என்று சொன்னீர்கள். பிலோமினாவுக்குக்கூட இந்த வாரம் வரைக்கும் உண்மை தெரியாது. அந்தக் கையைத்தான் வேறு எங்கேயோ ஆனது என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கல்பாக்கத்துக்குப் போனேன். மாமல்லபுரத்தில் பஸ் மாற இறங்கி, திரும்பிவிடலாமா என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். ஏசுதாஸ், அவர் சம்சாரம், பையன் மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பைண்டர் என்று சொன்னது என் கூடப் பிறந்த அண்ணன் என்றேன். அந்த அம்மாள், அவர் வாங்கி வந்த டீயையா குடித்தோம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஏசுதாஸ் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, அப்போ அந்தக் கை, என்றார். அதையும் சொன்னேன். கேட் வரைக்கும் வந்தார். "ஞாயித்துக்கிழம சொல்லி அனுப்புறேன்" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை எழுதும் சாயங்காலம் வரைக்கும் ஆள் வரவில்லை. பிலோமினா சமையலறையில் அழுகிறாள். அன்பரசி அழவில்லை. பெரியப்பா பேரை விட்டுட்டு வர்ற கல்யாணம் வராட்டியும் பரவாயில்லப்பா என்றாள். எனக்குப் பிறந்தது எப்படி இப்படிப் பேசுகிறது என்று தெரியவில்லை. உங்களிடம் வளர்ந்ததால் இருக்கும்.

நேற்றே சங்கரியும் அவளும் உட்கார்ந்து பத்திரிகையைப் புதிதாகப் போட்டார்கள். பெண் வீட்டார் பக்கத்தில் முதல் பெயர் உங்களுடையது. மாப்பிள்ளையின் சித்தப்பா பெயரையும் நீங்கள் சொன்னபடி சேர்த்தாயிற்று. அந்தப் புதுப் புரூஃபை இதனுடன் வைத்திருக்கிறேன். கல்யாணம் அக்டோபர் 29, புதன். நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். எது ஆனாலும் இந்தத் தாளில் உங்கள் பெயர் இருக்கும்.

காசிநாதனிடம் மன்னிப்புக் கேட்டேன். வேலைக்கு வந்துவிட்டான். ஆனால் மெஷினில் இதை ஏற்றமாட்டானாம், சூ.தே. வேண்டுமாம். ஆகவே புரூஃபைத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டுக் கையில் கொண்டு வாருங்கள். டிக்கெட் எடுக்க மோசஸுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இந்த முறை சென்ட்ரலில் நான் நிற்பேன். உங்கள் கம்பளிச் சட்டையோடு நிற்பேன். ஆண்டவர் உங்கள் மூச்சைக் காத்து, சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அண்ணே. இனிமேல் பிரஸ்ஸுக்கு யார் வந்தாலும் நான் யாரையும் அறிமுகம் செய்யப் போவதில்லை. நீங்களே செய்யுங்கள். சங்கரியைச் சொல்லுங்கள், காசிநாதனைச் சொல்லுங்கள், ஜெகதாம்பாளைச் சொல்லுங்கள். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, மனசு வந்தால், இவன் என் தம்பி என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காலடியில்,
சூ. ஜெரோம்