சூப்பிரண்டெண்ட் குடித்த இரண்டாம் பால்

ஆகஸ்ட் 12, 1978, சனி

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஜெர்மனியில் பயிற்சிக்குப் போனபோது கற்ற பீரை இந்த மாதம் கம்பெனி குவார்ட்டர்ஸ் சமையலறையில் காய்ச்சினேன். முளைகட்டிக் காயவைத்த பார்லியை நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, முதலில் கெட்டியாக வடிந்ததைத் தனியே எடுத்தேன். அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி வடித்தது இன்னொரு பீர். இரண்டையும் தனித்தனியே புளிக்கவைத்தேன்.

"தேங்காய்ப் பால் மாதிரிதானேங்க. முதல் பால், ரெண்டாம் பால்" என்றாள் என் மனைவி சரோஜா. இதை அவளுக்கு விளக்க நான் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

இன்று மாலை எங்கள் சூப்பிரண்டெண்ட் சபாபதி வாசனை பிடித்து வந்துவிட்டார். ஆறு வருடத்துக்கு முன் நான் வரைந்த கன்வேயர் வரைபடத்தில் தன் பெயரைப் போட்டுப் பதவி உயர்வு வாங்கியவர். மதுவிலக்குக் காலத்தில் அவரை எப்படி விரட்டுவது? இரண்டாம் பாலை ஊற்றிக் கொடுத்தேன். சத்தெல்லாம் முதல் பாலோடு போய்விட்டதால் அதில் போதை என்று சொல்ல ஒன்றுமில்லை.

"என்னய்யா, ஒரே டம்ளர்ல தலைக்கு ஏறுது" என்றார். இரண்டாவது டம்ளரில் கண் கலங்கிவிட்டது. "அந்த டிராயிங் உன்னுதுதான்யா. நான் பண்ணது தப்பு."

உள்ளே சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளம்பும்போது, "போதையில எதுனா உளறியிருந்தா மனசுல வச்சுக்காதே" என்றார்.

அவர் குடித்தது ஏறக்குறைய பார்லித் தண்ணீர்தான் என்று அவருக்கே ஒரு கார்டில் எழுதிவிட்டேன்.

"கையெழுத்து போடலியாங்க?" என்றாள் சரோஜா.

போடப்போவதில்லை. திங்கட்கிழமை அப்படியே தபாலில் சேர்த்துவிடுவேன். என் பெயர் இல்லாத காகிதம் அவருக்குப் புதிதல்ல.